கொம்பு முந்தியா, மெய் முந்தியா? நிரலர்களின் விளையாட்டுச் சமயமும் தமிழ் எழுத்தும்

கணினிப் பாடம் படிக்கும் மாணவர் இருவர் முதன்முறை சந்தித்தால், பெயர், ஊர், விடுதி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி வரும்: "எந்த எடிட்டர்?" நிரல் எழுதுவதற்கு எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறாய் என்பதே கேள்வி. கேட்கும் தொனியோ "எந்த மதம்?" என்பது போல் இருக்கும். விடையைக் கேட்டவுடன், "உனக்காகப் பிரார்த்திக்கிறேன்" என்று ஒருவர் மற்றவருக்குக் கைகூப்புவார். திருச்சபை, பாவம், பிராயச்சித்தம், மதமாற்றம், புனிதப் போர் ஆகிய சொற்கள் நிரலர்களிடையே சர்வ சாதாரணமாகப் புழங்குகின்றன. இது வெறும் கிண்டல்தானா, இதற்குள் வேறு ஏதேனும் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப் பேரவை மலரில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றிய கதையிலும் இதே போன்றதொரு சமயப் போர் நடந்திருக்கிறது. அதில் சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.

இரண்டு திருச்சபைகள்

முதலில் மூலக் கதை. 1976ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் 'வீஐ' என்னும் தொகுப்பியை எழுதினார். அதே ஆண்டு, அமெரிக்காவின் மறுகரையில், எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் 'ஈமேக்ஸ்' பிறந்தது. அதன் பெயரோடு இன்றும் சேர்த்துச் சொல்லப்படுபவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியவரும் அவரே.

வீஐ சிறியது, சிக்கனமானது. அதில் இரண்டு நிலைகள் உண்டு. ஒரு நிலையில் விசையைத் தட்டினால் எழுத்து விழும். மறுநிலையில் அதே விசை ஒரு கட்டளை. இது தெரியாமல் உள்ளே போனவர்கள் வெளியே வரத் தெரியாமல் தவிப்பது உலகப் பிரசித்தம். (எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளியையும் க்யூ என்ற எழுத்தையும் தட்டி, பிறகு என்டர் விசையை அழுத்த வேண்டும். யாருக்காவது பயன்படும்.) ஈமேக்ஸ் பெரியது. கடிதம் படிக்கலாம், நாட்காட்டி பார்க்கலாம், விளையாடக்கூடச் செய்யலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்த விரல்கள் வளைய வேண்டும். "அது நல்ல இயங்குதளம்தான், ஒரு நல்ல தொகுப்பி மட்டும்தான் அதில் இல்லை" என்பது வீஐ பக்தர்களின் பழைய நையாண்டி.

ஸ்டால்மன் இந்தச் சண்டையை ஒரு நாடகமாகவே ஆக்கிவிட்டார். சொற்பொழிவின் இறுதியில் நீண்ட அங்கி ஒன்றை அணிந்து, பழைய கணினி வட்டுத் தகட்டை ஒளிவட்டமாகத் தலையில் வைத்துக்கொண்டு, தாம் ஈமேக்ஸ் திருச்சபையின் புனிதர் என்று அறிவிப்பார். பெயர், புனித இஞ்ஞாசியாரின் பெயரோடு அவருடைய 'க்னூ' திட்டத்தின் பெயரைக் குழைத்தது. தமிழில் சொல்வதானால் 'புனித இக்னூசியார்' எனலாம். வீஐ என்ற இரண்டெழுத்தை ரோமன் எண்ணாகப் படித்தால் ஆறு. மூன்று முறை எழுதினால் 666. விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் அது கொடிய விலங்கின் எண். ஆகவே வீஐ சாத்தானின் கருவி! ஆனாலும் வீஐயின் கட்டற்ற பதிப்பைப் பயன்படுத்துவது பாவமாகாது, அது பிராயச்சித்தம் என்று புனிதர் சலுகை தருவார்.

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. 1991இல் பிராம் மூலனார் என்ற நெதர்லாந்துக்காரர் வீஐயை மேம்படுத்தி 'விம்' என்று வெளியிட்டார் (பாத்திரம் துலக்கும் விம் அல்ல). அதைத் திறந்தால் முதல் திரையிலேயே, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோள் பல ஆண்டுகளாகத் தெரிந்து வந்தது. மென்பொருளுக்கு விலையில்லை, மனமிருந்தால் தருமம் செய்யலாம் என்பது அவர் ஏற்பாடு. 2023இல் அவர் மறைந்தார். இரண்டு திருச்சபைகளில் உண்மையிலேயே உண்டியல் வைத்து ஏழைகளுக்குக் கொடுத்தது எது என்று கேட்டால் வீஐ தரப்புக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

இத்தகைய உவமைகள் நிரலர்களோடு நிற்கவில்லை. இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 1994இல் எழுதிய பத்தி ஒன்றில், மெக்கிண்டாஷ் கணினி கத்தோலிக்கம் என்றும் டாஸ் இயங்குதளம் சீர்திருத்தச் சபை என்றும் வகைப்படுத்தினார். முன்னது விசுவாசியைக் கைப்பிடித்துப் படிப்படியாக மோட்சத்துக்கு அழைத்துச் செல்லும். பின்னது வேதத்தை நீயே படி, நீயே பொருள் கொள், இரட்சிப்பு எல்லாருக்கும் உறுதியில்லை என்று விட்டுவிடும்.

பெர்ல் மொழியின் கதையில் விளையாட்டும் பக்தியும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. 1987இல் அதை வெளியிட்ட லாரி வால் பக்தியுள்ள கிறிஸ்தவர். விவிலியத்தில் வரும் விலையுயர்ந்த முத்து உவமையிலிருந்து பெயரை எடுத்தார். அம்மொழியில் ஒரு தரவைப் பொருளாக மாற்றும் கட்டளைக்கு 'ஆசீர்வதி' என்றே பெயர். அவரும் அவர் மனைவியும் மொழியியல் படித்ததே, எழுத்து வடிவம் இல்லாத ஏதேனும் ஒரு மொழியைக் கண்டு அதற்கு எழுத்து உருவாக்கித் தர வேண்டும் என்ற எண்ணத்தில்தானாம். எழுத்துக்கும் சமயத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

விரலில் இருக்கும் நம்பிக்கை

ஏன் சமயத்தை எடுத்துக்கொண்டார்கள்? ஏன் கால்பந்துக் கட்சியையோ அரசியலையோ எடுத்துக்கொள்ளவில்லை? என் கருத்தில் காரணம் இதுதான்: கருவி பற்றிய விருப்பத்தை வாதத்தால் நிறுவ முடியாது. அது விரலில் இருக்கிறது. வீஐயில் அம்புக்குறிகளுக்குப் பதிலாக நான்கு சாதாரண எழுத்து விசைகளால் நகர்வார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு அதன் மேன்மையைப் பற்றி நீண்ட விளக்கங்கள் தரப்படும்: கை நகர வேண்டியதில்லை, நேரம் மிச்சம், இத்யாதி. உண்மைக் காரணம் வேறு. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தில் அந்த நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இயந்திரம் போய்விட்டது. பழக்கம் மிஞ்சியது. பழக்கத்துக்குப் பிறகு தத்துவம் எழுதப்பட்டது.

இதை நிரலர்களே அறிவார்கள். ஆகவேதான் தங்கள் விருப்பத்தை 'சமயம்' என்று தாமே கேலியாகப் பெயரிட்டுக்கொண்டார்கள். "என்னால் இதை நிரூபிக்க முடியாது, விடவும் முடியாது" என்பதன் சுருக்கமே அது. நிரலர் வழக்குச் சொற்களைத் தொகுத்த அகராதி 1991இல் நூலாக வந்தபோது அதில் 'புனிதப் போர்' என்பதற்குத் தனிப் பதிவே இருந்தது.

நாம் இருக்கும் சிங்கப்பூரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இயற்றிய நாடு இது. அடுத்தவர் சமயத்தைக் கேலி செய்வது இங்கு விளையாட்டான காரியமன்று. நிரலர் நகைச்சுவை பிழைத்திருப்பதற்குக் காரணம், அது எந்தக் கடவுளையும் கருவி அளவுக்கு இறக்குவதில்லை. கருவியைக் கடவுள் அளவுக்கு ஏற்றிவிட்டு, அப்படி ஏற்றிய தன்னையே பார்த்துச் சிரிக்கிறது. அடி விழுவது தன் தலையில்.

இன்னொன்று. கருவியை வணங்குவது என்ற எண்ணமே மேலை நாட்டு நிரலருக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. அவர் வளர்ந்த மரபில் அது விக்கிரக ஆராதனை. நமக்கு? ஆயுத பூசையன்று லாரிக்கும் உளிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பெங்களூரிலும் சென்னையிலும் கணினி அலுவலகங்களில் திரைக்குப் பொட்டு வைத்து விசைப்பலகைக்குப் பூ வைப்பார்கள். சிரிப்பதற்காக அல்ல. சரசுவதி பூசைக்குக் கணக்குப் புத்தகத்தை அடுக்கில் வைத்துவிட்டு, "இன்று படிக்கக் கூடாது" என்று மகிழ்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எனவே 'என் எடிட்டரை நான் கும்பிடுகிறேன்' என்ற நகைச்சுவை தமிழில் பாதி நகைச்சுவைதான்.

கடவுளையே உரிமையோடு ஏசும் மரபும் நம்மிடம் உண்டு. சுந்தரர் சிவபெருமானைத் தோழனாகக் கொண்டு சண்டையிட்டவர். வன்தொண்டர் என்று பெயர் பெற்றவர். இகழ்வது போலப் புகழும் நிந்தாஸ்துதியில் காளமேகப் புலவர் கைதேர்ந்தவர். பக்தியும் கிண்டலும் ஒன்றாக இருக்க முடியும் என்பது நமக்குப் புதிதல்ல. அதனால்தான் அடுத்து வருவது எனக்கு வியப்பளிக்கிறது.

முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது?

அதற்கு முன் ஒரு சிறு அறிமுகம். 1980 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, டேனி கோஹென் என்ற கணினி அறிஞர் புனிதப் போர்களைப் பற்றியும் சமாதானத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணினியில் ஓர் எண்ணைப் பல துண்டுகளாக வைக்கும்போது பெரிய பக்கத்துத் துண்டு முதலில் வர வேண்டுமா, சிறிய பக்கத்துத் துண்டா என்பதே வழக்கு. ஜோனத்தன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கலிவரின் பயணங்களில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சிறிய முனையில் உடைப்பதா என்று நாடுகள் போரிடும். கோஹென் அந்தப் பெயர்களையே இரு கட்சிகளுக்கும் சூட்டினார். இன்று பாடநூல்களில் அவைதாம் அதிகாரபூர்வக் கலைச்சொற்கள். எந்த வரிசை என்பதைவிட எல்லாரும் ஒரே வரிசைக்கு உடன்படுவதே முக்கியம் என்றும், வேண்டுமானால் நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம் என்றும் அவர் முடித்தார். யாரும் சுண்டவில்லை. இணைய நெறிமுறைகள் பெரிய முனையை ஏற்றன. இன்டெல் சில்லுகள் சிறிய முனையில் நின்றன. நம் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அன்றாடம் முட்டையைப் புரட்டிப் புரட்டித்தான் வலையோடு பேசுகின்றன.

இனித் தமிழ். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவது கொம்பு, பிறகு க, பிறகு கால். காதுக்குக் கேட்பது முதலில் க், பிறகு ஒ. கணினியின் நினைவகத்தில் எதை முதலில் வைப்பது?

தட்டச்சு இயந்திரத்துக்கு ஐயமே இல்லை. தாள் இடப்பக்கம் நகர்கிறது. இடமிருந்து வலமாக எது தெரிகிறதோ அதையே தட்ட வேண்டும். கொம்பு முந்தி. அந்தப் பழக்கம் கணினிக்கு வந்தது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், ஈழத்தமிழரிடையே பாமினி என்று ஆளுக்கொரு வழி. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் தமிழாகத் தெரியாது.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட்'97 மாநாடு இதற்கு முடிவு காணக் கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டின் வழியாக தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களும் வந்தன. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி ஏற்கனவே புழக்கத்தில் இருந்தது. 1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த ஒருங்குறியும் பின்னால் காத்திருந்தது. ஆக, பிரச்சினையைத் தீர்க்க வந்த தரங்களே பல.

டிஸ்கி, டாம், டாப் மூன்றும் கொம்பை முதலில் வைத்தன. ஒருங்குறி மெய்யை முதலில் வைத்தது. முட்டையின் இரு முனைகள் இவைதாம்.

இங்கேதான் சமயம் உண்மையாகவே உள்ளே வருகிறது. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க என்று நாங்கள் ராகம் போட்டுப் படித்தோம். உடலில் உயிர் புகுவது. ஒருங்குறியோ, 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரத்தைப் பின்பற்றி, க என்பதையே அடிப்படையாக வைத்தது. க் வேண்டுமென்றால் க எழுதி, அதன்மேல் புள்ளியைச் சேர்க்க வேண்டும். அதாவது உயிரோடு இருப்பதை எடுத்து உயிரை நீக்கினால் மெய். இது தமிழ் இலக்கணத்துக்கே எதிரானது என்று அறிஞர் பலர் கொதித்தனர். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் தொல்காப்பியத்தைத் திறந்தால் சிக்கல் இன்னும் சுவையாகிறது. மெய் இயல்பாகப் புள்ளியோடு நிற்கும் என்கிறது அது, முதற்கட்சிக்கு ஆதாரம். அகரம் சேரும்போது புள்ளி நீங்கி உருவம் அப்படியே நிற்கும் என்றும் சொல்கிறது. அப்படியானால் எழுதும் கைக்கு, புள்ளி இல்லாத க என்ற உருவமே அடித்தளம் என்று மறுகட்சி வாதிடலாம். வேதம் ஒன்று, பாடம் இரண்டு. ஒரே இராமானுசரைப் போற்றும் வடகலையும் தென்கலையும் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று நீதிமன்றம் ஏறிய நாட்டில் இது ஆச்சரியமில்லை.

ஒருங்குறியின் விலை என்ன என்பதை ஒரு சிறு பயிற்சியால் அறியலாம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. ஒருங்குறிக் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். முதலாமாண்டு மாணவர் எழுதும் 'சொல்லைத் திருப்பிப் போடு' என்ற எளிய நிரலில் இதைக் கொடுத்துப் பாருங்கள். புள்ளி தலையில்லாமல் முன்னால் வந்து நிற்கும். இகரம் மகரத்தை விட்டு ழகரத்தின் மேல் ஏறி 'ழி' ஆகிவிடும். தமிழ் தெரியாத நிரலர் எழுதிய பல மென்பொருள்களில் இந்தத் தவற்றின் சாயலைக் காணலாம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற குறியேற்றத்தில் இச்சொல் மூன்றே மூன்று. தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் சேர்த்தே ஏற்றது. ஆகவே, வரிசை எதுவானாலும் சரி, உடன்பாடு போதும் என்ற கோஹெனின் முடிவு தமிழுக்கு முழுமையாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். எண்ணுக்கு எந்த முனையும் ஒன்றுதான். எழுத்துக்கு அப்படியில்லை.

ஒருங்குறிக்குள்ளேயே ஒரு உட்பிரிவும் உண்டு. 'கொ' என்பதை க-வும் ஒகரக் குறியும் என இரண்டாகவும் வைக்கலாம். க, கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். பார்வைக்கு வேறுபாடு இல்லை. இரண்டையும் சமன்செய்யத் தெரியாத மென்பொருளில் தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. சபைக்குள் சபை!

யார் வென்றார்கள்?

வாதத்தால் யாரும் வெல்லவில்லை. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழோடு வந்தது. 2005இல் ஆப்பிள் தன் கணினியில் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளைச் சேர்த்தது. கைப்பேசி வந்த பிறகு, பெட்டியைத் திறந்தால் உள்ளே எது இருக்கிறதோ அதுவே பெரும்பாலோரின் சமயம் என்றாயிற்று. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் சத்தமில்லாமல் வேலை செய்தவர்கள் மாற்றிகளை எழுதியவர்கள். சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் பாமினியை உள்ளே வாங்கி ஒருங்குறியாக வெளியே தந்தன. எந்தக் குறியேற்றம் சிறந்தது என்று அவை கேட்கவில்லை. 'தமிழா!' குழுவினர் தங்கள் தட்டச்சு மென்பொருளுக்கு எ-கலப்பை என்று பெயரிட்டார்கள். தமிழ்க் கணிமையில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. பொன்னேர் பூட்டும்போது கும்பிடப்படும் கருவியல்லவா!

விசைப்பலகைப் போர் மட்டும் இன்னும் ஓயவில்லை. தமிழ்99காரர்கள் இடக்கையில் உயிரையும் வலக்கையில் மெய்யையும் வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தின் வழியாகத் தமிழைத் தட்டுவது அடிமைத்தனம் என்பார்கள். அஞ்சல்காரர்கள் (நானும் அக்கட்சி, மலேசியாவில் வளர்ந்தவனுக்கு வேறு வழி ஏது?) இரண்டு தட்டில் 'கொ' வந்துவிடுகிறதே என்பார்கள். தமிழ்99இலும் இரண்டு தட்டுத்தான். வைணவ உவமையில் சொன்னால், தமிழ்99காரர் குரங்குக்குட்டி: விசைகளை மனப்பாடம் செய்து தாமே இறுகப் பற்றிக்கொள்கிறார். கைப்பேசி காட்டும் பரிந்துரைச் சொல்லைத் தொட்டுத் தொட்டு எழுதுபவர் பூனைக்குட்டி: இயந்திரம் கவ்விச் சென்று எங்கே போடுகிறதோ அங்கே விழுகிறார்.

இணையம் என்ற சொல்லையே நமக்குத் தந்தவர் என்று சொல்லப்படும் நா. கோவிந்தசாமி 1999 மே மாதம் மறைந்தார். அவர் விரிவுரையாளராக இருந்த தேசியக் கல்விக் கழகம் 2000இல்தான் புக்கிட் தீமாவிலிருந்து நன்யாங் வளாகத்துக்கு மாறியது. பூன் லே முனையத்தில் 179ஆம் எண் பேருந்துக்கு வரிசையில் நிற்கும் மாணவர்கள் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறார்கள். கொம்பு முந்தியா மெய் முந்தியா என்ற கேள்வி அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பழைய இதழ்களைத் தொகுப்பவர்களுக்குத் தோன்றுகிறது. நம் மலர் போன்ற மாணவர் வெளியீடுகளின் பழைய கோப்புகளில் பல, இன்று எந்தக் கணினியிலும் இல்லாத எழுத்துருக்களில் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் உச்சிக்குறிகளும் சிதறிக் கிடக்கும். எந்தக் குறியேற்றம் என்று தெரிந்தால் மாற்றியில் இட்டுச் சில நொடிகளில் மீட்கலாம். தெரியாவிட்டால், கொம்புக்கு நிகரான குறி எது என்று முதலில் ஊகிக்க வேண்டும். ஒரு சொல்லின் முதலில் அடிக்கடி வருவதும், இறுதியில் ஒருபோதும் வராததுமான குறி எதுவோ, அது பெரும்பாலும் கொம்புதான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக வரும். பழைய கோப்பு வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் அதன் எழுத்துருவின் பெயரையும் சேர்த்து அனுப்பினால் இந்த வேலை பாதியாகக் குறையும்.